சிற்பங்களைப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயிலுக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் கோபுரமும் குடும்பமும் நன்றாகவே வந்திருக்கும், சிற்பங்கள் மட்டும் சாம்பல் நிற அட்டையில் அச்சடித்த மாதிரித் தட்டையாகக் கிடக்கும். கேமரா சரியில்லை, இன்னும் விலை கூடிய போன் வாங்க வேண்டும் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கல்லில் செதுக்கிய உருவத்துக்குத் தனி நிறம் கிடையாது. உருவமும் பின்னணியும் ஒரே கல். எது மேடு, எது பள்ளம் என்று நமக்குக் காட்டிக்கொடுப்பது நிழல் மட்டும்தான். நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி அந்த நிழலை அழித்துவிடுகிற தவறுகள்.

அதில் முதலிடம் ஃபிளாஷுக்கு. போனில் ஃபிளாஷ் விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லென்ஸ் பார்க்கிற திசையிலேயே வெளிச்சமும் போவதால், விழுகிற நிழலெல்லாம் உருவத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், படத்தில் தெரியாது. கும்பகோணம் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு, ரிஷபகுஞ்சரம் என்பார்கள். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அந்த வித்தையே கோடுகளின் மெல்லிய ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் அடித்து எடுத்தால் ஏதோ ஒரு கல் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 'ஆட்டோ'வில் விட்டால் இருட்டான இடத்தில் போன் தானாகவே ஃபிளாஷ் அடித்துவிடும், அதனால் உள்ளே போகும் முன்பே அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, நேரம் பார்க்காமல் போவது. காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் சிற்பத்துக்கு அது பாதிதான் உண்மை. சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் அந்தப் பெரிய பாறை கிழக்கு பார்த்தது. விடிந்த கொஞ்ச நேரத்தில் சூரியன் நேருக்கு நேர் முகத்தில் அடிக்கும். நிறம் அழகாக இருக்கும், மேடுபள்ளம் அவ்வளவாகத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, வெயில் மேலேறிப் பாறையை உரசிக்கொண்டு இறங்குகிற முற்பகல் வரைக்கும் இருங்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் பாறையைப் பார்த்து நிற்கும் நமக்கு வெளிச்சம் இடப்பக்கமாக விழும். அப்போது பார்த்தால் யானைக்குப் பக்கத்தில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையும் அதைச் சுற்றி நிற்கிற எலிகளும் தனித்தனியாக எழுந்து நிற்கும். பிற்பகலில் போனால் பாறை முழுக்க நிழல். சுற்றுலா வண்டிகள் பல அந்த நேரத்தில்தான் வந்து இறக்கிவிடுகின்றன என்பது வருத்தமான விஷயம்.

சரி, வெயிலே படாத மண்டபத்துக்குள் என்ன செய்வது? இன்னொரு போனின் டார்ச் போதும். கூட வந்தவர் கையில் கொடுத்து, சிற்பத்துக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போலப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராகக் காட்டக் கூடாது, சாய்வாக. கல்வெட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பகலில் ஒரு எழுத்தும் பிடிபடாத தேய்ந்த வரியில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தேங்கி, வாசிக்கிற அளவுக்குத் தெளிந்துவரும். டார்ச்சை மெதுவாக நகர்த்தி, எந்தக் கோணத்தில் எழுத்து நன்றாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்தி எடுங்கள். படுக்கைக் கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் ஒரே கோணத்தில் சரியாக விழாது, ஆகவே மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படமாவது வேண்டும். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும் மாவு பூசுவதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். பல நூற்றாண்டு தாண்டி வந்த கல், நம் ஒரு படத்துக்காகத் தேயக் கூடாது.

வெளிச்ச அளவிலும் ஒரு பொதுவான தவறு உண்டு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த கல்தூண் படம் முழுக்க நிறைந்திருந்தால் அதை வெளுக்கவைத்துவிடும், வெயில் பட்ட பகுதிகள் வெறும் வெள்ளையாகப் போய்விடும். டிஜிட்டலில் அப்படி வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இருட்டாக இருப்பதை ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். அதனால் திரையில் சிற்பத்தின் மீது அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். கேமராவாக இருந்தால் ரா கோப்பில், அதாவது கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கிற கோப்பில், எடுப்பது நல்லது. வழக்கமான ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. நிழலுக்குள் இருக்கும் நுணுக்கம் பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான்.

அப்புறம், ரொம்பக் கிட்டே போய் எடுப்பது. போனின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். அதை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய், சிற்பி கொடுத்த அளவே கெட்டுவிடும். நாலடி பின்னால் வந்து 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். இதில் ஒரு சூட்சுமம்: வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண லென்ஸுக்கு மாறி, அதில் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுக்கும். விரலால் ஜூம் லென்ஸை மூடிப் பாருங்கள், திரை இருட்டாகவில்லை என்றால் அதுதான் நடக்கிறது. உயரமும் முக்கியம். தாராசுரத்தில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சின்னச் சின்னச் சிற்பங்கள் சுவரின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன. நின்றபடி குனிந்து எடுத்தால் எல்லோரும் குள்ளமாகிவிடுவார்கள். தரையில் உட்கார்ந்து, லென்ஸை அவர்கள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 60 மீட்டர். அடியில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் பின்பக்கம் சாய்வது போலத்தான் வரும். அங்கே முற்றம் தாராளமாக இருக்கிறது, தள்ளிப் போய் போனை நிமிர்த்திப் பிடிக்கலாம்.

கை நடுங்குமே என்றால் தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். வெளிச்சத்தைப் பெருக்கிக்கொடுக்கும் ஐஎஸ்ஓ அளவை ஏற்றப் பயப்பட வேண்டாம், புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை முடியாது. லென்ஸில் விரல் எண்ணெய் இருந்தால் படம் முழுக்க மூடுபனி, துடைத்துவிட்டு எடுங்கள். தொல்லியல் துறை இடங்களில் கேமரா முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பல கோயில்களுக்குள் போனே கொண்டுபோக முடியாது, ஆகவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகு செய்யும் தவறும் ஒன்று இருக்கிறது. சிற்பத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு, அது எந்தச் சுவரில் எந்த இடத்தில் இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். முதலில் சுவர் முழுதும் தெரிய ஒன்று, பிறகு அந்தப் பகுதி, பிறகு சிற்பம் என்று எடுத்தால் பின்னாளில் யார் பார்த்தாலும் இடம் புரியும். நண்பர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கிவிடும், கல்லின் நுணுக்கம்தான் முதலில் போகும்.