விளையாட்டுப் பத்தி எழுதித் திட்டு வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் சேலம் அஞ்சு ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். பத்தி எழுத ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு தம்பி போனை என் பக்கம் நீட்டினான். கட்டுரைக்கு அடியில் அவன் வாட்ஸ்அப் நம்பரைப் போடுகிறார்கள். "நாப்பத்தொரு பேருங்கண்ணா. எல்லாமே திட்டு. பதினேழு பேர பிளாக் பண்ணிட்டேன்." எதிரே தட்டுவடை செட் சட்னியில் ஊறி நமுத்துக்கொண்டிருந்தது, அவன் தொடவே இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே மூஞ்சியோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன், என் கையில் போனுக்குப் பதில் அஞ்சலட்டை.

கெட்ட வார்த்தைக்குக் கெட்ட வார்த்தையில் பதில் சொல்லாதே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எதையும் அனுப்பாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுகிறேன்.

தோற்ற மறுநாள் வரும் கோபத்தைத் தன் மேல் வந்ததாக எடுத்துக்கொள்வது

2019 ஜூலையில் மான்செஸ்டரில் நியூசிலாந்திடம் உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்றோமே, 240 இலக்கு, முதல் மூன்று பேட்ஸ்மேன்களும் ஆளுக்கு ஒரு ரன். ஜடேஜா 59 பந்தில் 77 அடித்து ஆட்டத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார், அப்புறம் கப்டில் எறிந்த பந்தில் தோனி ரன் அவுட், 18 ரன்னில் போச்சு. தோனி 72 பந்தில் 50 எடுத்ததைப் பற்றி, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே அடிக்க ஆரம்பித்திருக்கலாம் என்று எழுதினேன். அந்த ஒரு வாரத்தில் வாங்கிய திட்டை அதற்கு முன்பும் வாங்கியதில்லை, பின்பும் வாங்கியதில்லை. அதில் செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர் நாலு பக்கத்துக்கு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கடைசி வரியில் 'பையன் சாப்பிடாமலே தூங்கிட்டான் சார்' என்று முடித்திருந்தார். இவரைச் சண்டைக்கு வந்தவர் என்று எப்படி எடுத்துக்கொள்வது? துக்க வீட்டில் பக்கத்தில் இருக்கிறவரைக் கட்டிக்கொண்டு அழுவதில்லையா, அந்த மாதிரிதான். நாலு நாள் கழித்துப் பதில் எழுதுங்கள்.

'தலைப்பு நான் வைக்கலைங்க' என்பது

நிஜம்தான், டெஸ்க்கில் இருக்கிற உதவி ஆசிரியர்தான் வைக்கிறார். வாசகருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

'நீ பேட் பிடிச்சிருக்கியாடா?' என்பதற்குப் பதில் சொல்வது

நான் ஒருமுறை சொன்னேன். ஸ்கூல் டீமில் ஒன்பதாவதாக இறங்கினவன் என்பது ஊருக்கே தெரிந்துபோனதுதான் மிச்சம்.

ஊர்ப்பாசத்துக்குப் பயந்து மழுப்புவது

வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் நம்ம சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். பயிற்சியில் பந்து போடுகிற நெட் பவுலராக இந்திய அணியோடு ஆஸ்திரேலியா போய், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தவர். ஒரு நாள் பேட்ஸ்மேனின் காலடியில் விழவேண்டிய அவருடைய யார்க்கர் தவறி ஃபுல்டாஸாக விழுந்து சிக்ஸருக்குப் போனது என்று சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினால் மளிகைக் கடைக்காரர்கூட முறைப்பார். அதற்குப் பயந்து 'அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை' என்று எழுதுகிறோம். ஆட்டத்தைப் பார்த்தவருக்கு அது உடனே தெரிந்துவிடும், அப்போது வரும் திட்டுக்கு நம்மிடம் பதிலே இருக்காது. பந்து எங்கே விழுந்ததோ அதை எழுதிவிட்டு முறைப்பை வாங்கிக்கொள்ளலாம்.

வசவோடு சேர்த்துத் திருத்தத்தையும் குப்பையில் போடுவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது, என் மேலேயே. காந்தி ஸ்டேடியத்தில் ஒரு உள்ளூர் 20 ஓவர் ஆட்டம். தோற்ற அணியில் இரண்டு பவுலர்கள் நன்றாக அடி வாங்கினார்கள். ஒருவர் 4 ஓவரில் 37. இன்னொருவன், இடது கை ஸ்பின் போடுகிற பத்தொன்பது வயசுப் பையன், 3.4 ஓவரில் 33. நான் கால்குலேட்டரை எடுத்து 33-ஐ 3.4-ஆல் வகுத்தேன். 9.7 வந்தது. மற்றவருக்கு 9.25. சரி, இவன்தான் மோசம் என்று முடிவு கட்டி, ஓவருக்கு 9.7 ரன் வாரிக்கொடுத்து ஆட்டத்தைத் தோற்கடித்தவன் என்று பெயரோடு எழுதினேன்.

ஓவர் கணக்கில் அந்தப் புள்ளி தசமப் புள்ளி கிடையாது. 3.4 என்றால் மூன்று ஓவரும் நாலு பந்தும், மொத்தம் 22 பந்து. 33-ஐ 22-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் கிடைப்பது மிகச் சரியாக 9. அதாவது நான் மோசம் என்று சொன்ன பையன்தான் இருவரில் கம்மியாகக் கொடுத்தவன்.

மூன்றாம் நாள் அஞ்சலட்டை வந்தது. ஊதா மை, சாய்ந்த எழுத்து. 'முட்டாப்பயலே, 22 பந்து போட்டவனுக்கு எந்த ஊர்க் கணக்குடா போட்ட?' இவ்வளவுதான். அந்த 22 என்ற எண் என் கண்ணெதிரே இருந்தது, ஆனால் எனக்கு முதல் வார்த்தையைத் தாண்டி எதுவும் ஓடவில்லை. அடுத்த வாரப் பத்தியில் 'அஞ்சலட்டை அறிஞர்' என்று பெயர் வைத்துக் கால் பக்கத்துக்கு நக்கலடித்தேன். ஆபீஸில் சிரிப்பு, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாவது வாரம் கிரவுண்டில் ஸ்கோரர் பெரியவர் கூப்பிட்டு, நோட்டைப் பிரித்து, அந்தப் பையனுக்கு நேரே இருந்த கட்டங்களில் ஒவ்வொரு பந்தாகப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். இருபத்திரண்டு. பிறகு மெதுவாக, "கார்டு போட்டது அந்தப் பையனோட அப்பாங்க. அம்மாப்பேட்டையில தறி ஓட்டறாரு" என்றார்.

திருத்தம் போட்டோம், பக்கத்தின் அடியில் இரண்டு வரி. அதை யார் படித்தார்கள்? அந்த சீசன் முழுக்க டீமில் அவனை 'ஒம்போதேழு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதிலிருந்து திட்டு வந்தால் கையில் பென்சிலோடு உட்காருகிறேன். அம்மா அப்பாவை இழுக்கிற வரி, சாதியை இழுக்கிற வரி, 'காசு வாங்கினியா' எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே போனால் சில சமயம் ஒன்றும் மிஞ்சாது, சில சமயம் ஒரு எண்ணோ தேதியோ பெயரோ மிஞ்சும். மிஞ்சியதை அன்றைக்கே ஸ்கோர் நோட்டில் சரிபார்ப்பேன். தப்பு என்னுடையது என்றால் அடுத்த பத்தியின் முதல் பாராவிலேயே சொல்லிவிடுவேன், அவர் எப்படித் திட்டினார் என்ற பேச்சையே எடுக்காமல்.

மிரட்டலையும் திட்டு மாதிரியே சும்மா விடுவது

வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளி, இதெல்லாம் வந்தால் அது விமர்சனம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட், ஆசிரியர், போலீஸ். இந்த வரிசையில், அன்றைக்கே.

அந்தத் தம்பி பிளாக் பண்ணிய பதினேழையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பதினாறு வெறும் குப்பை. பதினேழாவது: 'லூசு, ஆல் அவுட் ஆனா 20 ஓவர்தாண்டா கணக்கு.' கட்டுரையை எடுக்கச் சொன்னேன். நெட் ரன் ரேட் கணக்கு, அதாவது ஒரு அணி ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து எதிரணி ஓவருக்கு எடுத்ததைக் கழிப்பது; புள்ளி சமமானால் யார் மேலே என்பதை இதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு அணி 20 ஓவரில் 160, அதாவது ஓவருக்கு 8, எதிரணி 15 ஓவரிலேயே 100-க்கு ஆல் அவுட். தம்பி 100-ஐ 15-ஆல் வகுத்து 6.67 போட்டு, வித்தியாசம் 1.33 என்று எழுதியிருக்கிறான். ஆல் அவுட் ஆன அணிக்கு முழு 20 ஓவரும் கணக்கில் வரும், ஆக அது 5, வித்தியாசம் 3. 'இனி வாய்ப்பே இல்லை' என்று அவன் முடித்துக்கட்டிய அணி இன்னும் போட்டியில்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த நம்பரை அன்பிளாக் பண்ணிவிட்டு, டைப் அடிக்க ஆரம்பித்தவன் நிமிர்ந்து, "ஏங்கண்ணா, இவருக்கு சார்னு போடவா, அண்ணான்னு போடவா?" என்றான்.