இரைப்பை வெறும் பை இல்லை: நாம் அடிக்கடி செய்கிற தவறுகள்

கடலூர் திருப்பாப்புலியூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அதிகம் பேர் வந்து கேட்பது ‘கேஸ் மாத்திரை’தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் சிறுகுடல். இரைப்பை அதற்கு மேலே, இடது விலா எலும்புகளுக்கு உள்பக்கம் ஒதுங்கி இருக்கிறது, அதன் கடைசிப் பகுதி மட்டும்தான் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வரும். வலது விலாவுக்குக் கீழே என்றால் கல்லீரலும் பித்தப்பையும். தொப்புளில் ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகர்கிற வலி என்றால் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம், அதற்குக் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கவே கூடாது. டாக்டரிடம் போகும்போது ‘வயிறு வலிக்குது சார்’ என்பதோடு நிறுத்தாமல் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

சரி, இரைப்பைக்குள் வருவோம். கார்டியா, ஃபண்டஸ், பாடி, ஆன்ட்ரம், பைலோரஸ் என்று பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, நாம் செய்கிற ஒவ்வொரு தவறும் இதில் ஏதோ ஒன்றைத்தான் போய்த் தாக்குகிறது.

உணவுக்குழாய் வந்து சேரும் வாசல்தான் கார்டியா. உணவுக்குழாயின் முடிவில் ஒரு சுருக்குத்தசை, உள்ளே போனது மேலே ஏறாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் என்ன ஆகும்? எண்ணெய் அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரம் எடுக்கும், படுத்த நிலையில் அமிலம் அந்த வாசலை முட்டிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் தளர்ந்தாலும் நெஞ்செரிச்சல்தான். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். அப்புறம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், அப்போது வாசல் அமிலத்தைவிட உயரத்தில் இருக்கும்.

அடுத்தது ஃபண்டஸ், இடது உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அடியில் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி இருக்கும் மேல்பகுதி. விழுங்கிய காற்று இங்கேதான் தங்கும், நின்றபடி எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் கறுப்பாக ஒரு குமிழ் தெரிவது இதுதான். உதரவிதானத்துக்கு மேலே இதயம் உட்கார்ந்திருக்கிறது. வாயுத் தொல்லையும் மாரடைப்பும் ஒரே இடத்து வலியாகத் தெரிவதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம், இரண்டு உறுப்புகளின் வலி நரம்புகள் தண்டுவடத்தில் பக்கம் பக்கமாகச் சேர்வதும் ஒரு காரணம். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் வரும் மாரடைப்பு மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி என்று அச்சு அசலாக அஜீரணம் போலவே வரலாம். நம்ம பக்கம் நெஞ்சு அடைத்தால் முதலில் சோடா வாங்கிக் கொடுக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோடா குடித்தால் யாருக்கும் ஏப்பம் வரும், ஏப்பம் வந்ததால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே பெரிதாகத் தெரியாமலும் போகலாம். ஈசிஜி எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும், வெறும் வாயுவாக இருந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாமே.

நடுவில் இருக்கும் பெரிய பகுதி பாடி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முக்கியமாகச் சுரப்பது இதுவும் ஃபண்டஸும்தான். அமிலம் என்றாலே எதிரி என்று நினைப்பது தவறு. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், புரதத்தை உடைக்கும் பெப்சினைத் தயார் செய்வதும் அதுதான். அமிலம் சுரக்கும் அதே செல்கள்தான் பி12 வைட்டமின் உடலில் சேர்வதற்குத் தேவையான ஒரு புரதத்தையும் சுரக்கின்றன. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளை யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்து போனால் இன்னும் அதிகம். கை கால் மரத்துப் போகிறது என்றால் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இன்னொன்று, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். வயிறு நிறைந்த பிறகு போட்டால் பாதிப் பலன் வீண்.

எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ என்று இருந்தால் புதுசாக ஏதோ வியாதி என்று பயந்துபோய்க் கேட்பார்கள். ஆன்ட்ரம் என்கிற கீழ்ப்பகுதியில் உள்சுவர் வீங்கிச் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். உணவை அரைப்பது இந்த இடம், நிமிடத்துக்குச் சுமார் மூன்று அலைகளாகத் தசை சுருங்கிச் சுருங்கிக் கூழாக்கும். மிளகாய்க் காரத்தால்தான் அல்சர் வருகிறது என்று இன்னமும் நம்புகிறோம். இருக்கிற புண்ணைக் காரம் எரிய வைக்கலாம், ஆனால் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான். ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார், 2005-ல் அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்தை மெலிய வைக்கும். சனி ஞாயிறு புதுச்சேரி போய்க் குடித்துவிட்டு வந்து, வெறும் வயிற்றில் தலைவலிக்கு இதைக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். மலம் தார் போலக் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், எதனால் என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியில் பைலோரஸ், சிறுகுடலுக்குத் திறக்கும் கதவு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியானதைத்தான் எளிதில் விடும், அதனால் அவசரமாக முழுங்கிய கறித்துண்டு திரும்பத் திரும்ப ஆன்ட்ரத்துக்கே போய் அரைபடும். நன்றாக மென்று சாப்பிட்டால் அந்த வேலை குறையும். நேற்று சாப்பிட்ட சோறு இன்றைக்கு அப்படியே வாந்தியில் வந்தால், அது கதவு அடைபட்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு எங்கள் கடையில் மருந்து இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.