வீட்டில் கலர் அடித்த கிட்டாருக்குக் கிளியர் கோட்: எதைப் பட்டறையில் கொடுப்பது, எதை நாமே செய்வது

எலெக்ட்ரிக் கிட்டார் பாடிக்குக் கலர் அடித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று பலரும் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாட்டிவிடுகிறார்கள். முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் முன்கை உரசும் மேல் வளைவில் கலர் மங்கும், பெல்ட் பக்கிள் பட்டுப் பின்பக்கம் கீறும், சித்திரை வெயிலில் வியர்வையோடு வாசித்தால் சட்டையிலேயே கலர் ஒட்டும். ஸ்ப்ரே டின் பெயின்ட்டுக்கு அவ்வளவுதான் தாக்குப்பிடிக்கும் சக்தி. மேலே கெட்டியான ஒரு கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு வேண்டும், அதைத் தேய்த்துப் பாலிஷ் போடவும் வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் இதற்காகக் கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. கிளியர் அடிக்கிற அந்தக் கொஞ்ச நேர வேலையைக் கார் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் உள்ள தயாரிப்பையும் பின்னால் உள்ள தேய்ப்பையும் நாமே செய்துகொள்ளலாம். கிட்டாரைப் போய் டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப்போவதா என்று கூச்சப்பட வேண்டாம். ஃபெண்டர் என்ற பெரிய அமெரிக்கக் கிட்டார் கம்பெனியே 1950களின் கடைசியிலும் 60களிலும் டூபாண்ட் நிறுவனத்தின் கார் பெயின்ட்டைத்தான் கிட்டாருக்கு அடித்தது. ஃபியஸ்டா ரெட் என்று எல்லோரும் ஆசைப்படும் அந்தச் சிவப்பு, ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் கலர்.

முதலில் நீங்கள் அடித்திருப்பது என்ன பெயின்ட் என்று தெரிய வேண்டும், மேலே எதை அடிக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்து) மாட்டும் குழியின் ஓரம் மாதிரி வெளியே தெரியாத இடத்தில் பஞ்சில் துளி தின்னர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கலர் கரைந்து பஞ்சில் வந்தால் அது சாதாரண ஸ்ப்ரே அல்லது லேக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் பெயின்ட்) வகை. கரையாமல் தோல் மாதிரி சுருங்கி எழுந்தால் ஆயில் இனாமல், அதாவது கதவு ஜன்னலுக்கு அடிப்பது. சிக்கல் இந்த இனாமலில்தான். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும் பெயின்ட், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் வாரக்கணக்கில் இளசாகவே இருக்கும். அதன் மேல் கடுமையான தின்னர் கலந்த எதை அடித்தாலும் மொத்தமும் சுருக்கம் விழுந்துவிடும். இனாமல் அடித்தவர்கள் பொறுமையாக ஒரு மாதமாவது காயவிட்டு, மரச்சாமானுக்கு விற்கும் ஆயில் வகை பியூ (பாலியூரித்தேன்) கிளியரோ தண்ணீர் வகை பியூவோ பிரஷ்ஷிலோ துணியிலோ பூசிக்கொள்வது நல்லது. மற்றவர்கள் தைரியமாகக் கார் கிளியருக்குப் போகலாம். எதுவானாலும் அதே பெயின்ட்டை ஒரு துண்டுப் பலகையில் அடித்து, அதன் மேல் கிளியரைச் சோதித்துவிட்டு அப்புறம் கிட்டாருக்கு வாருங்கள்.

ஹார்ட்வேர் கடையில் கேட்டால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரை எடுத்து நீட்டுவார்கள். பழைய கிட்டார்களில் இருப்பது அந்த வகைதான், தொட்டால் ஒரு சுகம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிசாகப் பத்துப் பன்னிரண்டு கோட் அடிக்க வேண்டும், ஒரு மாதம் காய வேண்டும், மழைக்காலத்தில் அடித்தால் ஈரத்தை இழுத்து வெள்ளை பூக்கும், நாளாக ஆக மஞ்சளாகும். கார்களுக்கு அடிக்கும் 2கே (இரண்டு பாகம் கலக்கும்) பியூ கிளியரில் ஹார்ட்னர் கலப்பதால் அது ரசாயன மாற்றத்தில் இறுகுகிறது. இறுகிய பிறகு பெட்ரோல் பட்டாலும் கரையாது, இரண்டு மூன்று கோட்டிலேயே தேய்க்கப் போதுமான கனம் வந்துவிடும். உறுதியும் மினுமினுப்பும் சேர்ந்து வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

பட்டறைக்கு எடுத்துப் போகும் முன் செய்ய வேண்டியவை. நெக் உட்காரும் குழியை மாஸ்கிங் டேப் ஒட்டி முழுதாக மூடுங்கள், அங்கே கிளியர் சேர்ந்தால் நெக் சரியாக உட்காராது. பிக்கப், வயரிங் குழிகளையும் அப்படியே. நெக் குழியில் ஏற்கெனவே உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளில் ஒரு முழ நீளக் கட்டையை முடுக்கிவிட்டால் பிடிக்கவும் தொங்கவிடவும் அதுவே கைப்பிடி. கலரில் தூசியோ சொரசொரப்போ இருந்தால் 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மேலோட்டமாகத் தடவினால் போதும். மெட்டாலிக் கலராக இருந்தால் அதையும் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் மினுக்குத் துகள் கலைந்து திட்டுத்திட்டாகிவிடும். துடைக்கிறேன் என்று தின்னர் துணியை எடுத்தால் கலர் போய்விடும், லேசாக ஈரமான துணி போதும், பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். அதற்கு அப்புறம் வெறும் கையால் தொடாதீர்கள். முக்கியமாக, கார் டேஷ்போர்டு பாலிஷ், செயின் ஸ்ப்ரே போன்ற சிலிக்கான் உள்ள எதுவும் பாடிக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. சிலிக்கான் பட்ட இடத்தில் கிளியர் ஒட்டாமல் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும்.

பெயின்டரிடம் தனியாகக் கிளியர் கலக்கச் சொன்னால் அவருக்கும் கட்டுப்படியாகாது. "அண்ணா, அடுத்த வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது இதையும் ஓரமா மாட்டி ரெண்டு மூணு கோட் அடிச்சுக் குடுங்கண்ணா" என்று கேளுங்கள். கலந்த கிளியர் சில மணி நேரத்தில் இறுகிவிடும், மீதியைக் கொட்டத்தான் வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூடவே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். முதல் கோட் வெறும் தூவலாக இருக்கட்டும், கனமாக அடித்தால் தின்னர் அடியிலிருக்கும் கலரைக் கடித்துவிடும், மார்க்கரால் ஓவியம் வரைந்திருந்தால் மை கசியும். ஓரங்களுக்கும் கொம்பு வளைவுகளுக்கும் ஒரு சுற்று கூடுதலாக அடிக்கச் சொல்லுங்கள், தேய்க்கும்போது முதலில் கலர் தெரிவது அங்கேதான். அப்புறம், ஹீட்டர் லைட்டின் கீழோ உச்சி வெயிலிலோ வைக்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். இது தகரம் இல்லை, மரம். சூடேறினால் மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும், ஈரக் கிளியரில் குண்டூசித் தலை அளவுக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி அப்படியே காய்ந்து நிற்கும்.

வீட்டிலேதான் அடிப்பேன் என்பவர்களுக்கு, அடியில் பொத்தான் வைத்த 2கே கிளியர் ஸ்ப்ரே டின் ஆன்லைனில் கிடைக்கிறது. அழுத்தினால் உள்ளே ஹார்ட்னர் கலக்கும், அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும். ஆனால் அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட், மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரவைக்கும். மூக்கில் துண்டு கட்டுவதும் கொரோனா மாஸ்க்கும் இதற்கு எந்த விதத்திலும் போதாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் வேண்டும். மொட்டை மாடியில், குழந்தைகள் இல்லாத நேரத்தில், அடுப்போ சாமி விளக்கோ எரியாத இடத்தில் அடியுங்கள். நேரம் என்றால் காலை ஏழிலிருந்து பத்துக்குள். நம் பக்கம் மதியத்தில் கிளியர் பாடியைத் தொடும் முன்பே பாதி காய்ந்து மணல் போல் விழும். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம், தெருப் புழுதி முழுக்க அதில்தான் உட்காரும். சாயங்காலம் மழை விட்டதும் ட்யூப் லைட் போட்டு அடிக்கலாம் என்று நினைத்தால் ஈசல் வந்து ஒட்டும். ஒட்டிவிட்டால் ஈரத்தில் நோண்டாதீர்கள், காய்ந்தபின் தேய்க்கும்போது போய்விடும்.

அடித்து வந்ததும் உடனே வாட்டர் பேப்பரை எடுத்துத் தேய்க்க வேண்டாம். பட்டறைக்காரர் நாளைக்கே பாலிஷ் போடலாம் என்பார், காருக்கு அது சரி. அடியில் வீட்டுப் பெயின்ட் இருக்கும்போது ஒரு வாரம் விடுவது மேல். காய்ந்ததா என்று பார்க்க மூக்கைப் பாடிக்கு அருகில் கொண்டுபோங்கள். தின்னர் வாசனை துளி வந்தாலும் இன்னும் உள்ளே ஆவி இருக்கிறது என்று அர்த்தம். இப்போதே தேய்த்துச் சமமாக்கினால் பிறகு சுருங்கி மரத்தின் ரேகை மேலே தெரியும்.

இனி உங்கள் கை வேலை. பாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள், ட்யூப் லைட்டின் பிம்பம் நேர்கோடாக இல்லாமல் நெளிநெளியாகத் தெரியும். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளமாக இருப்பதுதான் காரணம். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரக் கிரானைட் கம்பெனிகளில் கல்லுக்குத் தண்ணீர் விட்டு, நம்பர் மாற்றி மாற்றித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் அதே முறைதான். 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றி, துளி ஷாம்பு கலந்த தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடத்துக்குப் பள்ளம் விழும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், மண் துகளும் வரும், ஒரே ஒரு மணல் சிக்கினாலும் முழு நீளத்துக்குக் கீறல் என்பதால் கேன் தண்ணீரோ வடிகட்டிய மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை துடைத்துப் பாருங்கள். மேடுகள் மங்கலாகவும் பள்ளங்கள் இன்னும் மினுங்கும் புள்ளிகளாகவும் தெரியும். அந்த மினுங்கும் புள்ளிகள் மறைந்து முழுப் பரப்பும் ஒரே மங்கலாகும் வரை 1000லேயே நிற்க வேண்டும், அவசரப்பட்டு 1500க்குத் தாவினால் புள்ளிகள் கடைசி வரை கூடவே வரும். வழித்தெடுக்கும் வெள்ளைப் பால் போன்ற தண்ணீரில் கலர் கலந்து வந்தால் உடனே கையை எடுங்கள், கிளியர் முடிந்துவிட்டது. ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத் தட்டையான இடத்தை முடித்து, கடைசியில் டேப்பை உரித்து ஓரத்தை 2000 பேப்பரால் லேசாகத் தொட்டால் போதும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கத் தொடங்கும் முன்பே ஸ்க்ரூ ஓட்டைகளில் மெழுகுவர்த்தி மெழுகை அடைத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் போனால் மரம் ஊதி ஓட்டையைச் சுற்றிக் கிளியர் வெடிக்கும்.

அடுத்து 1500, 2000, கிடைத்தால் 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு கார் ரப்பிங் கம்பவுண்ட், அதற்குப் பிறகு மெல்லிய பாலிஷ், இரண்டுக்கும் தனித்தனி பழைய பனியன் துணி. ட்ரில் மெஷினில் ஸ்பாஞ்ச் மாட்டிச் செய்பவர்கள் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூடேறிக் கிளியர் இளகிவிடும். கையாலேயே செய்தால் தோள் வலிக்கும், ஆனால் கெடுக்க வாய்ப்பு குறைவு.

மாட்டும்போது ஸ்க்ரூவை நேராக முடுக்காதீர்கள். ஓட்டையின் வாயை அகலமான ட்ரில் பிட்டால், மெஷினில் போடாமல் கையாலேயே திருப்பிக் கிளியரின் கனம் மட்டும் சீவிவிட்டு, ஸ்க்ரூ மரையில் சோப்புத் தடவி முடுக்கினால் சுற்றிலும் வெடிப்பு வராது. என்சி லேக்கர் அடித்தவர்கள் மட்டும் ஸ்டாண்டில் ரப்பர் படும் இடத்தில் பருத்தித் துணி சுற்றிவிடுங்கள், அந்த ரப்பர் லேக்கரைத் தின்றுவிடும்.