ஈஎஸ்ஆர், சிஆர்பி ரிப்போர்ட்டைப் படிக்கும்போது நாம் தடுமாறும் இடங்கள்

முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் தடியாக ஒரு ஃபைல் இருக்கும். போன ரிப்போர்ட்டில் சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) 1.2, இந்த ரிப்போர்ட்டில் 12. வீடே பதறிப்போகும். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு லேப் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடும், இன்னொன்று லிட்டருக்கு. இரண்டும் ஒரே அளவுதான்! ஒரே லேபில் கொடுத்தால் இந்த வம்பே இல்லை.

ஈஎஸ்ஆரும் அழற்சியைக் காட்டும் சோதனைதான், ஆனால் வேறு மாதிரி. குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்ற கணக்கு அது. ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாமே அதை ஏற்றும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்கினால் தோராயமான மேல்வரம்பு வரும்; 60 வயதில் 35. ஆனால் பல லேப்கள் 20க்கு மேல் எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டுவிடும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் சிஆர்பி சில நாட்களிலேயே இறங்கும், ஈஎஸ்ஆர் வாரக்கணக்கில் இழுக்கும்.

சொத்தைப்பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் சிஆர்பி ஏறும். அதை மூட்டின் கணக்கில் எழுதி, மீதமிருக்கும் ஸ்டீராய்டைத் தாமாகவே கூட்டிக்கொள்வது ஆபத்து.

இதற்கு நேரெதிரான தவறுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது: எண் நார்மல், அதனால் நோய் அடங்கிவிட்டது என்ற முடிவு. காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காமல், முட்டிகள் வீங்கியிருந்தும் சிஆர்பி லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று நார்மலாகவே வரலாம். முதுகெலும்பைப் பாதிக்கும் வாதத்தில் பலருக்கு அது ஏறுவதே இல்லை. லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் ஒரு நோய்) தீவிரமாக இருக்கும்போதும் பெரும்பாலும் அதிகம் ஏறாது. நன்றாக ஏறினால் தொற்றைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அங்கே சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள், சிறுநீரில் புரதம் இவைதான் முக்கியம். முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கத் தூண்டும் சமிக்ஞையையே அந்த மருந்து தடுத்துவிடுகிறது. நிமோனியா வந்தாலும் எண் சாதுவாகக் கிடக்கலாம். காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த ஊசியைச் சொல்லுங்கள்.

எண் நார்மல் என்று முடக்குவாத மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்துகிறவர்களும் உண்டு. நார்மலானதே அந்த மாத்திரையால்தான், சாமி!

ஆர்ஏ ஃபேக்டர், ஏஎன்ஏ என்ற ரத்தச் சோதனைகள் இரண்டும் நோயைக் கண்டுபிடிக்க உதவுபவை. மாதாமாதம் எடுப்பது வீண் செலவு. டாக்டர் கணக்கில் 28 மூட்டுகளின் வலியும் வீக்கமும், உங்கள் வாக்குமூலமும், கூடவே ஈஎஸ்ஆரோ சிஆர்பியோ ஒன்றும் சேரும். அதனால் ரத்தம் கொடுக்கும் அன்றைக்கு ரிப்போர்ட் உறையின் மேலேயே எழுதி வையுங்கள்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், சளி காய்ச்சல் உண்டா, பல்வலி உண்டா, கடைசி ஊசி எப்போது.