கடற்கரை மணலில் புங்கை வளர்க்க

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் வழியில் எங்கள் வீடு. மண்வெட்டி போட்டால் வெறும் மணல்தான் வரும். போன வருடம் மருமகள் போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்க மலைக்காட்டு மரம், பிளாக் லோகஸ்ட். வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது. "வாசலில் வைக்கலாமா அத்தை?" என்று கேட்டாள். குளிர்காலம் முழுக்க இலை உதிர்த்துத் தூங்கி எழும் மரம் அது, நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? அதே அவரைக் குடும்பத்தில் நம் புங்கை இருக்கிறது. உப்புக்காற்றுக்கும் அசையாது.

விதையிலிருந்தே தொடங்குங்கள். நான் முதலில் ஒரு நர்சரியில் ஆளுயரக் கன்று வாங்கித் தை மாதம் நட்டேன். ஆனி மாதம் கச்சான் காற்றில் சாய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பிரிமணை போலச் சுருண்டு, பை இருந்த அளவிலேயே நிற்கிறது. மண்ணுக்குள் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கன்றுதான் வாங்குவீர்கள் என்றால் பையைக் கிழித்து, சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள்.

பங்குனி, சித்திரையில் நெற்று பழுப்பாகிக் காயும். கடலோரமாய் நிற்கும் மரத்தின் நெற்றாகப் பாருங்கள். உடைத்தால் பெரும்பாலும் ஒரே கொட்டைதான் இருக்கும். பழைய கொட்டை முளைக்காது, அந்த வருடத்ததே வேண்டும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பையில் ஓர் அங்குல ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றினால் இரண்டு வாரத்தில் முளை தெரியும். ஐப்பசி மழைக்குள் கன்று முழங்கால் உயரம் வந்துவிடும். நடுவதற்கு அதுதான் காலம்.

சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி, இரண்டடிக்கு இரண்டடி குழி. கண்மாய் வண்டல் இரண்டு கூடை, மட்கிய சாணம் ஒரு கூடை, கரையானுக்காக வேப்பம்புண்ணாக்கு இரண்டு கை. யூரியா வேண்டாம். புங்கை வேரில் கடுகு கடுகாய் முடிச்சு இருக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை அதுவே பிடித்துக்கொள்ளும்.

ஆடு புங்கை இலையை அவ்வளவாக விரும்பாது, ஆனால் உரசியே ஒடித்துவிடும். சுற்றிக் கருவை முள் போடுங்கள். கச்சான் அடிக்கும் பக்கம் பனைமட்டை நட்டுத் தட்டி கட்டுங்கள். முதல் இரண்டு கோடைக்கு இரண்டு நாளுக்கு ஒரு குடம் தண்ணீர். பழைய பானையின் அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து அதில் ஊற்றினால் மணல் உறிஞ்சி வீணாகாது. தொடக்கத்தில் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள், வேர் இறங்கியபின் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் தாங்கும்.

இலையில் பச்சைப் பருக்கள் கிளம்பும். கையில் தடவினால் பொரி ஒட்டியதுபோல நெருநெருவென்றிருக்கும். சிலந்திப்பேன் வேலை, மரம் சாகாது. மிஞ்சினால் அந்தக் கொப்பை மட்டும் கழித்துவிடுங்கள். கவாத்து தை மாதம், தலைக்கு மேல் கிளை பிரிகிற மாதிரி. அப்புறம் உதிரும் இலையைக் கூட்டி எரிக்காதீர்கள், அந்த மணலுக்கு அதுதான் எரு.

நாலைந்து வருடத்தில் பூக்கும். சித்திரை விடியலில் எங்கள் வாசல் முழுக்க வெளிர் ஊதாவாய்ப் பொரி கொட்டிக் கிடக்கும், தேனீ இரைச்சல் அடுப்படி வரை கேட்கும். கொட்டையைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கசப்பு நஞ்சு. நாங்கள் பொறுக்கிக் காயவைத்து, விளக்கெரிக்கும் புங்க எண்ணெய் ஆட்டக் கொடுத்துவிடுவோம். இந்த வருடம் நாற்பது கொட்டை மட்டும் எடுத்து மருமகள் பையில் ஊன்றியிருக்கிறாள்.