முகத்தைப் பார்த்து மணிக்கூடு வாங்காதீர்கள்

போன கிழமை, வெள்ளவத்தையில் புதுத் தொடர்மாடிக்குக் குடிவந்த ஒரு தம்பதிக்குச் சாமான் தெரிவு செய்யப் போயிருந்தேன். சூரியக் கதிர்போலக் கம்பிகள் விரிந்த பெரிய தங்க நிற மணிக்கூடொன்றைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இது எப்படி?" என்றார் கணவர். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. வீட்டு உள்ளலங்கார வேலைக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒன்றுக்கு 18,500 ரூபாய் கொடுத்தவள் நான். சுவர் நிறத்துக்குப் பொருந்துமா என்பதையெல்லாம் நீங்களே பார்ப்பீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதது

என் மணிக்கூட்டின் குறுக்களவு 90 சென்ரிமீற்றர். நிமிட முள்ளே ஓரடிக்கு மேல், அதுவும் இரும்புத் தகடு. முதல் மாதம் வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். இரண்டாம் மாதம் பத்து நிமிடம் பிந்தியது. பற்றரி மாற்றினேன், சரியானது. மூன்று கிழமையில் மறுபடியும் அதே கதை. விலை கூடிய பற்றரி போட்டேன், பிரயோசனமில்லை. மகன் இரண்டு தடவை ஸ்கூல் வானைத் தவறவிட்டான்.

ஒருநாள் ஏணி வைத்து ஏறிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வினாடி முள் 40ஐத் தாண்டி 45க்குக் கிட்ட வந்ததும் ஏற மாட்டாமல் அதே இடத்தில் துடித்தது. நிமிட முள்ளோ 12ஐக் கடந்ததும் தொபுக்கென்று இரண்டு நிமிடம் கீழே சரிந்தது.

புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். பின்னாலிருந்த கறுப்புப் பெட்டியை விரலால் தட்டி, "பிள்ளை, இது சமையலறை மணிக்கூட்டு மெஷின். இந்தத் தகட்டை இது எப்படித் தூக்கும்?" என்றார். உள்ளே இருக்கும் குவாட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிருமாம், அதில் பிழை வராது. ஆனால் முள்ளைத் தள்ளுவது ஒரு குட்டி மோட்டர். 6இலிருந்து 12 வரை அது பாரத்தை மேலே தூக்க வேண்டும். முள் படுக்கையாகக் கிடக்கும் 9க்குக் கிட்டத்தான் பாரம் உச்சம். முள் சரிந்தது பல்லுச்சக்கரங்களுக்கு இடையிலான தளர்வால். இழுவை கூடிய மெஷினும் அலுமினிய முள்ளும் போட்டுத் தந்தார். செலவு இரண்டாயிரத்துக்குள். கடையில் நான் கொடுத்த காசெல்லாம் கம்பிக்கும் பூச்சுக்கும்தான் போயிருக்கிறது!

அதனால் கடையிலேயே திருப்பிப் பாருங்கள். மெஷின் நட்டில் பூட்டியதா, பசையில் ஒட்டியதா? ஒட்டியதென்றால் வாங்கவே வேண்டாம், பழுதானால் கழற்ற முடியாது. பற்றரி போடச் சொல்லி, நிமிட முள்ளை 9க்குத் திருப்பிவிட்டுக் கால் மணிநேரம் கடையைச் சுற்றுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கதிர் வடிவங்களில் பெயர்போன ஒன்று, 1940களின் கடைசியில் அமெரிக்காவில் வடிவமைப்பாளர் ஜோர்ஜ் நெல்சனின் அலுவலகத்தில் உருவான பந்து மணிக்கூடு. அதன் குறுக்களவு வெறும் 33 சென்ரிமீற்றர். அழகுக்காக அதை மூன்று மடங்கு பெருப்பிக்கத் தேவையில்லை.

எண் இல்லாத முகம்

எண் இல்லாதது குற்றமில்லை. 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் வடிவமைத்த சுவிஸ் ரயில் நிலைய மணிக்கூட்டிலும் எண் இல்லை. வெள்ளை முகத்தில் கறுப்புக் கோடுகளும் கறுப்பு முட்களும்தான், தூரத்திலிருந்தே நேரம் தெரியும். தங்க முகத்தில் தங்க முள் வைத்ததைத்தான் சொல்கிறேன். பின்னேரம் லைற் போட்டால் முகம் மினுங்கும், முள் காணாமல் போய்விடும்.

படுக்கையறையில் டிக் டிக்

முள் வழுக்கிக்கொண்டு ஓடும் ஸ்வீப் மெஷின் கேளுங்கள்.

றீசார்ஜ் பற்றரி

வேண்டாம். அது பெரும்பாலும் 1.2 வோல்ட், மணிக்கூடு எதிர்பார்ப்பது 1.5.

கடற்காற்று

கொழும்பில் கடலோர மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் பூச்சுப் போட்ட இரும்பை நம்ப வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் துரு தொடங்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஓரம் ஊதும். எனக்குப் பிடித்தது தேக்கு, இல்லாவிட்டால் அலுமினியம்.

எட்டாத உயரம்

சோபாவுக்கு மேலே, சீலிங்குக்குக் கிட்ட மாட்டினால் பற்றரி மாற்ற ஆள் தேட வேண்டும். 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னுக்கு எடுத்தார்கள். எங்கள் வீட்டு மணிக்கூடு கதவு நிலைக்கு மேலே இருந்தது. ஸ்டூலில் ஏறப் பயந்து அம்மா அதைத் தொடவேயில்லை. முதலில் ஒரு மணிநேரமும் பிறகு அரை மணிநேரமும் மனதுக்குள் கூட்டித்தான் நேரம் பார்த்தோம். 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணிநேரத்தையும் குறைத்தபோது, "பாத்தியா, என்ர மணிக்கூடுதான் சரி" என்றா அம்மா.