பள்ளிப் பிள்ளைகளைக் கலைச் சுற்றுலா அழைத்துச் செல்வது எப்படி? தாராசுரம், சுவாமிமலை, தஞ்சாவூர்

முதல் முறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது ஒரே நாளில் ஏழு இடங்களைச் சுற்றினோம். மறுநாள் கேட்டால், எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். புதிதாகக் கிளம்பும் ஆசிரியர்களுக்காக என் முறையை எழுதுகிறேன்.

படி 1: ஒரு மாதத்துக்கு முன்பு

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், பஸ் ஏற்பாடு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் விட்டுவிடுவது, சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு நேரில் போய், சிலை செய்யும் ஸ்தபதியிடம் நாள் கேட்பதைத்தான். உலோகம் ஊற்றும் வேலை தினமும் நடப்பதில்லை. அந்த நாள் அமையாவிட்டால் மெழுகு வேலை நடக்கும் நாளையாவது கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் 15 பேருக்கு மேல் உள்ளே அனுப்பாதீர்கள்.

படி 2: முந்தைய வாரம், வகுப்பறையில்

ஆளுக்கு ஒரு தென்னை ஓலைக் கீற்று கொடுங்கள். ஒரு முழ நீளம் போதும். அதை மூன்றாக மடித்து, அப்படியே மீண்டும் மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். பிரித்தால் ஒன்பது பாகம் தெரியும். ஓலையின் நீளம்தான் சிலையின் உயரம் என்றால், உயரத்தை ஒன்பதாகப் பிரிக்கும் நவதாள முறையில் ஒரு பாகம் முகத்தின் நீளம். அதுவே ஒரு தாளம். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலில் இருப்பது அன்று, சிலைக்குச் சிலை மாறுவது. இப்படி மடித்து அளக்கும் ஓலையை ஸ்தபதிகள் ஒடியோலை என்பார்கள். பட்டறையில் ஓலையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

படி 3: காலை, தாராசுரம்

எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கல்தளத்தில் கால் வைக்க முடியாது. இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் இது. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வரலாற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் காளையும் யானையும் இருக்கும் சிற்பத்தின் முன் நிறுத்துங்கள். சிற்பத்தைத் தொடாமல், கண்ணுக்கு நேராகக் கையைப் பிடித்து ஒரு பக்க உடலை மறைத்தால் யானை தெரியும், மறுபக்கத்தை மறைத்தால் காளை தெரியும். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

படி 4: முற்பகல், சுவாமிமலை

இங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசுகிறார்கள். அந்த மண் அவ்வளவு நைசாக இருப்பதால், மெழுகில் கீறிய நகக்கோடுகூட அதில் பதிகிறது. மேலும் மண் பூசி, கம்பி கட்டி, காய்ந்ததும் வறட்டித் தீயில் சுடும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. ஆறியபின் கரு எனப்படும் அந்த மண் அச்சை உடைக்கிறார்கள். அதே கருவில் இன்னொரு சிலை எடுக்க முடியாது. 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுவப்பட்ட 27 அடி நடராசரும் இவ்வூர் ஸ்தபதிகள் இதே முறையில் வார்த்ததுதான்.

உலோகம் ஊற்றும்போது பிள்ளைகள் ஸ்தபதி காட்டும் எல்லைக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். வேலை நடக்கும்போது கேள்வி வேண்டாம்; குறித்துவைத்துக்கொண்டு பிறகு கேட்கட்டும்.

படி 5: பிற்பகல், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம்

சாப்பாட்டுக்குப் பின் போங்கள். கூடம் முழுவதையும் காட்ட முயல வேண்டாம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன்) முன் பிள்ளைகளை உட்கார வைத்து, நோட்டும் பென்சிலும் கொடுங்கள். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. பாம்புகளோடு தலைப்பாகைபோல் சுருட்டிய சடை. காளை இல்லை, ஆனால் அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே நிற்கிறது. இருபது நிமிடம் வரையட்டும். காலையில் மெழுகைப் பார்த்த கண்ணுக்கு அந்த விரல்களின் வளைவு தனியாகத் தெரியும்.

படி 6: திரும்பிய பின்

கட்டுரைப் போட்டி வைக்காதீர்கள். வரைந்த படங்களில் சிலவற்றை, பிள்ளைகள் கைப்பட எழுதிய நன்றிக் கடிதத்தோடு பட்டறைக்கு அனுப்புங்கள். சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பியதற்கு ஸ்தபதியிடமிருந்து பதில் வந்தது. அடுத்து உலோகம் ஊற்றும் நாள் எது என்று எழுதியிருந்தார்.